கத்தரி எங்கே விழும்? ஈஸ்ட்டில் மரபணு மறுசேர்க்கை இடத்துக்கு இடம் மாறுவது ஏன்

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிப் பெட்டியில் ‘ரீகாம்பினன்ட்’, அதாவது மறுசேர்க்கையால் ஆனது, என்று அச்சிட்டிருக்கும். அந்த மருந்தின் புரதம் பெரும்பாலும் ஈஸ்ட் செல்லில்தான் தயாராகிறது. அதனால் ‘ஈஸ்ட்டில் மறுசேர்க்கை’ என்றதும் ஆய்வகத்தில் மனிதர் செய்யும் ஒட்டுவேலைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. இங்கே பேசப்போவது அது அல்ல. யாரும் கை வைக்காமல், ஈஸ்ட் தன் குரோமோசோம்களைத் தானே வெட்டி, துணைக் குரோமோசோமுடன் மாற்றி ஒட்டிக்கொள்ளும் வேலை. பாடநூல்கள் இதை மறுகூட்டிணைவு என்கின்றன.

இதைப் படித்தவர்களிடமும் இரண்டு தவறான எண்ணங்கள் தங்கிவிடுகின்றன. குரோமோசோமில் எந்த இடத்திலும் ஒரே வாய்ப்புடன் வெட்டு விழும் என்பது ஒன்று. வெட்டு அடிக்கடி விழும் இடத்தைச் ‘சூடான இடம்’ என்பார்கள்; அப்படிச் சொல்லிவிட்டால் அங்கே ஒவ்வொரு முறையும் வெட்டு விழும் என்பது இன்னொன்று. இரண்டும் சரியல்ல.

இரண்டு பூச்சரம்

ஒரே எண்ணிக்கையில் பூ வைத்துக் கட்டிய இரண்டு சரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மல்லி, ஒன்று கனகாம்பரம். இரண்டையும் நாற்பதாவது பூவுக்கு அடுத்து நறுக்கி, மல்லியின் தலையைக் கனகாம்பரத்தின் வாலோடும், அதன் தலையை இதன் வாலோடும் முடிச்சுப் போடுங்கள். பூ எதுவும் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் இரண்டும் புதுச் சரங்கள். இதுதான் குறுக்கேற்றம். ஒன்றை நாற்பதிலும் மற்றதை நாற்பத்து மூன்றிலும் நறுக்கினால் என்ன ஆகும்? ஒரு சரம் நீண்டுவிடும், ஒன்று குட்டையாகிவிடும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரொட்டி ஈஸ்ட்டின் மரபணுத்தொகுதியில், அதாவது ஒரு முழுத்தொகுப்பு டி.என்.ஏ.வில், 16 குரோமோசோம்கள், சுமார் 1.2 கோடி கார இணைகள், ஏறத்தாழ 6,000 மரபணுக்கள். கார இணை என்பது டி.என்.ஏ. ஏணியின் ஒரு படி. தீனி நிறைய இருக்கும்வரை ஈஸ்ட் மொட்டுவிட்டே பெருகும். பிசைந்த ரொட்டி மாவில் நடப்பது அதுதான். அங்கே நாம் பேசும் மறுசேர்க்கைக்கு வேலையில்லை. நைட்ரஜன் தீர்ந்து, அசிட்டேட் போன்ற ஏழைச் சாப்பாடு மட்டும் மிஞ்சும்போது, இரட்டைத் தொகுப்புள்ள செல் குன்றல் பகுப்புக்குள் போகிறது. டி.என்.ஏ.வை ஒருமுறை நகலெடுத்து இரண்டுமுறை பிரிந்து, ஒரே பைக்குள் நான்கு ஸ்போர்களை உண்டாக்கும் பகுப்பு அது. முதல் பிரிவுக்கு முன் ஜோடிக் குரோமோசோம்கள் அருகருகே வந்து துண்டு மாற்றிக்கொள்கின்றன.

புதுச் சேர்க்கைகள் கிடைப்பது இதன் பலன்களில் ஒன்றுதான். செல்லின் உடனடித் தேவை வேறு. குறுக்கேற்றம் ஜோடி இரண்டையும் கட்டிவைக்கும் முடிச்சு. இரு பக்கமிருந்தும் இழுக்கும்போது அந்த முடிச்சு கொடுக்கும் இழுவிசையை வைத்துத்தான் செல் ‘இவை இரண்டும் ஜோடி, எதிரெதிர்ப் பக்கம் போகவேண்டும்’ என்று அறிகிறது. முடிச்சே இல்லாத ஜோடி இரண்டும் ஒரே பக்கம் போய்விடக்கூடும். வெட்டும் நொதியை நீக்கிய ஈஸ்ட்டிலும் ஸ்போர்கள் உருவாகும். ஆனால் கிட்டத்தட்ட எல்லாம் செத்த ஸ்போர்கள்.

இதுவரை: பட்டினி கிடக்கும் ஈஸ்ட் தன் ஜோடிக் குரோமோசோம்களைச் சம இடத்தில் வெட்டி மாற்றி ஒட்டுகிறது. அது குரோமோசோம்களைச் சரியாகப் பங்கிடவும் தேவை.

மரபணு வரைபடம் அளப்பது நீளத்தை அல்ல

‘கூப்பிடு தூரம்’ என்று ஊரில் சொல்வோம். அது கெஜக்கோல் வைத்து அளந்த தூரமில்லை. குரல் எட்டுகிறதா என்பதே அளவு. காற்று வாட்டமாக அடித்தால் நீளும், எதிர்த்தால் குறுகும். மரபணு வரைபடத்தின் அலகான சென்டிமார்கனும் அப்படித்தான். இரண்டு மரபணுக்களுக்கு நடுவே மாற்றம் நடந்து 100 ஸ்போருக்கு ஒன்று புதுச் சேர்க்கையாக வந்தால் அவற்றின் இடைவெளி 1 சென்டிமார்கன். நடுவில் எத்தனை கார இணைகள் கிடக்கின்றன என்று அது சொல்வதில்லை.

ஒரு குன்றல் பகுப்பில் ஈஸ்ட்டில் சராசரியாக 90 குறுக்கேற்றங்கள் நடக்கின்றன. நகலெடுத்தபின் ஒவ்வொரு ஜோடியிலும் நான்கு இழைகள் இருக்கும். ஒரு குறுக்கேற்றம் அவற்றில் இரண்டை மட்டுமே தொடும். ஆகவே ஒரு குறுக்கேற்றம் என்பது 50 சென்டிமார்கன். மொத்த வரைபடம் 90 × 50 = 4,500 சென்டிமார்கன். அதை 12,000 ஆயிரம் கார இணைகளால் வகுத்தால் ஆயிரம் கார இணைக்குச் சுமார் 0.37 சென்டிமார்கன். மனிதரில் 1 சென்டிமார்கனுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் கார இணைகள் வேண்டும். அதே நீளத்தை வைத்துப் பார்த்தால் ஈஸ்ட்டில் மறுசேர்க்கை 300 மடங்குக்கும் மேல் அடர்த்தி. மரபியலாளர்கள் இந்தச் சிறு காளானை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் 0.37 வெறும் சராசரி. மாவட்டத்தின் சராசரி மழையளவை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று சொல்ல முடியாது.

கத்தரியும் அதன் பின்வேலையும்

வெட்டும் நொதியின் பெயர் ஸ்போ11. டி.என்.ஏ.வின் இரண்டு இழையையும் ஒரே இடத்தில் அறுப்பது இதுதான் என்று 1997-ல் உறுதியானது. ஒரு குன்றல் பகுப்பில் இது போடும் வெட்டுகள் சுமார் 160. வெட்டு விழுந்ததும் இருபுற முனைகளிலும் ஒரு இழை பல நூறு காரங்கள் நீளத்துக்கு அரிக்கப்படும். மிஞ்சும் ஒற்றை இழை தன்னை ஒத்த வரிசையைத் துணைக் குரோமோசோமில் தேடிப்பிடித்து, அதைப் பார்த்துத் தன் ஓட்டையை நிரப்பிக்கொள்ளும்.

இங்கே இரண்டு முடிவுகள் உண்டு. சில வெட்டுகள் குறுக்கேற்றமாக முடியும். சரத்தின் வால்கள் இடம் மாறும். மற்றவற்றில் வால்கள் இடம் மாறாது, ஓட்டை மட்டும் துணையின் நகலால் நிரம்பும். வெட்டுப்பட்டது தன் எழுத்தை இழந்து துணையின் எழுத்தைப் பெற்றால் அதற்கு மரபணு மாற்றெழுத்து என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஈஸ்ட்டில் ஒருமுறை இப்படி எழுதப்படும் துண்டு பொதுவாக ஓரிரு ஆயிரம் கார இணை நீளம். குறுக்கேற்றம் நடக்கும் இடத்தை ஒட்டியும் இது நிகழும்.

ஆக, ‘இங்கே மறுசேர்க்கை அதிகம்’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று கேள்விகள் கிடக்கின்றன. கத்தரி அங்கே நுழைய இடமிருக்கிறதா? நுழைந்தாலும் வெட்ட அனுமதி உண்டா? வெட்டிய பின் அது குறுக்கேற்றமாகுமா? பெரும்பாலான குழப்பம் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழைப்பதால் வருகிறது.

கத்தரி நுழையும் சந்து

டி.என்.ஏ. செல்லுக்குள் அவிழ்ந்து கிடப்பதில்லை. புரத உருண்டைகள்மேல், உருண்டைக்கு 147 கார இணை வீதம், நூல்கண்டில் சுற்றியதுபோல் சுற்றியிருக்கும். இந்த உருண்டையும் சுற்றிய நூலும் சேர்ந்தது நியூக்ளியோசோம். கண்டில் இறுகிய நூலைக் கத்தரி பிடிக்க முடியாது. இரண்டு கண்டுக்கு நடுவே தொங்கும் நூலைத்தான் நறுக்க முடியும்.

ஈஸ்ட்டில் அப்படி நூல் வெளிப்பட்டுக் கிடக்கும் முக்கியமான இடம் புரோமோட்டர். மரபணுவுக்கு முன்னால், ‘இங்கிருந்து படிக்கத் தொடங்கு’ என்று சொல்லும் பகுதி அது. படிக்கும் புரதங்கள் வந்து உட்கார வேண்டியிருப்பதால் அங்கே நியூக்ளியோசோம் விலகி நிற்கும். அந்தச் சந்துக்குள் ஸ்போ11-ம் நுழைந்துவிடுகிறது. வெட்டியபின் ஸ்போ11 மிகச் சிறிய டி.என்.ஏ. துண்டு ஒன்றைத் தன்னோடு ஒட்டிக்கொண்டே வெளியேறும். அந்தத் துண்டுகளைச் சேகரித்து வரிசை படித்து 2011-ல் வெளியான வரைபடத்தில் சுமார் 3,600 சூடான இடங்கள் பதிவாயின. மிகப் பெரும்பாலானவை புரோமோட்டர்களில். ஒவ்வொன்றின் அகலமும் பெரும்பாலும் சில நூறு கார இணைக்குள்தான். ஒரு மரபணுவின் உடல் குளிர்ந்து கிடக்க, அதன் வாசல் மட்டும் சூடாக இருப்பது ஈஸ்ட்டில் சர்வசாதாரணம்.

சூடு என்றால் எவ்வளவு சூடு? 160 வெட்டுகளை 3,600 இடங்களுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். ஒரு சராசரி இடத்தில் வெட்டு விழ இருபதுக்கும் மேற்பட்ட செல்கள் குன்றல் பகுப்புக்குப் போகவேண்டும். சில இடங்கள் இதைவிடப் பலமடங்கு சூடு, பல இடங்கள் வெதுவெதுப்புதான். ‘சூடான இடம்’ என்பது கூட்டத்தைப் பற்றிய சொல். ஒற்றைச் செல்லைப் பார்த்து ‘இதில் இங்கே வெட்டு விழும்’ என்று அதை வைத்து ஆரூடம் சொல்ல முடியாது.

இன்னொரு தவறையும் இங்கேயே களைந்துவிடலாம். சூடான இடத்துக்கென்று ஒரு ரகசிய எழுத்துத்தொடர் இருக்கும் என்று சிலர் தேடுகிறார்கள். மனிதரிலும் எலியிலும் ஓரளவு அப்படித்தான்: பிஆர்டிஎம்9 என்ற புரதம் குறிப்பிட்ட எழுத்துகளைத் தேடிப்பிடித்து அங்கே வெட்டு விழ வழி செய்கிறது. ஈஸ்ட்டில் அந்தப் புரதம் இல்லை. திறந்திருக்கும் வாசலில் நுழைவதுதான் இதன் வழக்கம்.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு சுவையான விளைவு உண்டு. வெட்டுப்பட்டது துணையைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும் என்றோம். அப்படியானால் ஜோடியில் சூடான வடிவம் அடிக்கடி வெட்டுப்பட்டு, குளிர்ந்த வடிவத்தின் எழுத்தைப் பெற்றுக்கொண்டே போகும். தலைமுறைகள் கடந்தால் சூடான இடங்கள் தம்மைத்தாமே அழித்துக்கொள்ள வேண்டுமே? மனிதரிலும் சிம்பன்சியிலும் அந்த இடங்கள் ஒத்துப்போகாததற்கு இதுவே பெரிய காரணமாகக் கருதப்படுகிறது. ஈஸ்ட்டிலோ, பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன உறவு இனங்களிலும் சூடான இடங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பது 2015-ல் ஒப்பிட்டுக் காட்டப்பட்டது. காரணம் எளிது. வாசல் கெட்டால் மரபணுவே வேலை செய்யாது. ஆகவே இயற்கைத் தேர்வு வாசலைக் காத்துவைக்கிறது. கத்தரிக்கு அது இலவசமாகக் கிடைத்த சந்து.

நுழைந்தாலும் அனுமதி வேண்டும்

திறந்த வாசல் மட்டும் போதுமென்றால் எல்லாப் புரோமோட்டர்களும் ஒரே சூட்டில் இருக்கவேண்டும். அப்படியில்லை. ஒரே டி.என்.ஏ. துண்டை ஈஸ்ட் குரோமோசோம்களில் வெவ்வேறு இடங்களில் செருகிப் பார்த்தபோது, ஓரிடத்தில் சூடாகவும் இன்னோரிடத்தில் குளிர்ந்தும் இருந்தது. அக்கம்பக்கமும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டாம்.

மாவிலைத் தோரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீளக் கயிறு ஒன்று, அதிலிருந்து தொங்கும் இலைகள். குன்றல் பகுப்பில் குரோமோசோமும் அந்த அமைப்புக்கு வருகிறது: புரதங்களாலான அச்சு கயிறு, அதிலிருந்து வெளியே வளையும் டி.என்.ஏ. வளையங்கள் இலைகள். வெட்டப்படும் வாசல்கள் வளையங்களில் இருக்கின்றன. வெட்டுக்கு உதவும் புரதங்களோ அச்சில் குந்தியிருக்கின்றன. வளையம் வளைந்து அச்சைத் தொட்டால்தான் வெட்டு. அச்சுப் புரதம் தடிமனாகப் படிந்த வட்டாரங்களில் வெட்டு அதிகம், மெலிந்த வட்டாரங்களில் குறைவு. ஓரிடத்தில் வெட்டு விழுந்துவிட்டால் எச்சரிக்கை நொதி ஒன்று அக்கம்பக்கத்து வாசல்களை அடக்கிவைக்கும். அதை நீக்கினால் ஒரே வட்டாரத்தில் வெட்டுக்குமேல் வெட்டு விழும்.

வேண்டுமென்றே குளிரவைக்கப்பட்ட இடங்களும் உண்டு. சென்ட்ரோமியர் என்பது குரோமோசோமை இழுக்கும் கயிறு மாட்டப்படும் இடம். அதற்குப் பக்கத்தில் முடிச்சு விழுந்தால் இழுவை குழம்பும். எனவே அங்கே கட்டப்படும் புரதக்கூட்டமே சுற்றியுள்ள சில ஆயிரம் கார இணைகளில் வெட்டைக் குறைக்கிறது. மீறி விழுந்த வெட்டும் குறுக்கேற்றமாவது தடுக்கப்படுகிறது. குரோமோசோமின் நுனியான டெலோமியரை ஒட்டிய ஏறத்தாழ 20,000 கார இணைகளும் குளிர்ந்தவை. மிகவும் ஆபத்தான இடம் 12-ஆம் குரோமோசோமில் இருக்கிறது: ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான 9,100 கார இணைத் துண்டு ஒன்று நூறு முதல் இருநூறு முறை வரிசையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. நாற்பதுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் வெட்டிய சரம் ஞாபகம் இருக்கிறதா? எல்லாப் பூவும் ஒன்றுபோல் இருக்கும் சரத்தில் எந்தப் பூவுக்கு எது ஜோடி என்று எண்ணுவது எப்படி? தப்பாக ஒட்டினால் ஒரு ஸ்போரில் துண்டுகள் கூடும், இன்னொன்றில் குறையும். எனவே அந்த வட்டாரம் முழுவதும் குன்றல் பகுப்பில் கிட்டத்தட்ட பூட்டியே வைக்கப்படுகிறது.

எதிர்த்திசையிலும் ஒரு ஏற்பாடு உண்டு. முதல் குரோமோசோம் வெறும் 2.3 லட்சம் கார இணை நீளம்; நான்காவது 15 லட்சத்துக்கு மேல். சராசரி 0.37-ஐ வைத்தால் முதலாவதற்குக் கிடைப்பது 1.7 குறுக்கேற்றம். அது முழுக்கத் தற்செயலாக விழுந்தால் 100-க்குச் சுமார் 18 செல்களில் அந்தக் குரோமோசோமுக்கு முடிச்சே இருக்காது. ஐந்தில் ஒரு பங்கு செல் கெட்டுப்போவது தாங்க முடியாத நஷ்டம். ஆகவே குட்டைக் குரோமோசோம்களில் நீளத்துக்கான வீதம் சராசரிக்கு மேல். முதல் குரோமோசோமை இரண்டாக உடைத்தபோது வீதம் ஏறியதையும், பெரிய குரோமோசோமோடு ஒட்டியபோது இறங்கியதையும் 1992-லேயே பார்த்தார்கள். ஆனால் நீளம் மட்டுமே கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். மிகக் குட்டையான ஒன்று, மூன்று, ஆறாம் குரோமோசோம்களில் வெட்டுக்கு உதவும் புரதங்கள் முந்தி வந்து, பிந்திப் போகின்றன. தவிர, துணையோடு பிணைந்த குரோமோசோமில் வெட்டு நிறுத்தப்படும். பிணையாமல் நிற்பதில் கத்தரி தொடர்ந்து வேலைசெய்யும்.

இதுவரை: திறந்த வாசல் வெட்டுக்கு இடம் தருகிறது, அச்சு, அக்கம்பக்கம், குரோமோசோமின் நீளம் ஆகியவை எவ்வளவு வெட்டலாம் என்று தீர்மானிக்கின்றன.

எல்லா வெட்டும் முடிச்சாவதில்லை

160 வெட்டுகளிலிருந்து 90 குறுக்கேற்றங்கள். மற்றவை துணையிலிருந்து நகலெடுத்து முடிந்தவை, அல்லது தன் சொந்த நகலையே பார்த்துத் தடயமின்றிச் சரியானவை. எது முடிச்சாகும் என்பதிலும் ஒழுங்கு உண்டு. ஒரு குறுக்கேற்றம் தன் பக்கத்தில் இன்னொன்று வருவதை எதிர்க்கும். இதைக் குறுக்கீடு என்கிறோம். வெட்டுகளின் எண்ணிக்கையைச் செயற்கையாகக் குறைத்தால், குறுக்கேற்றம் அதே விகிதத்தில் குறைவதில்லை. செல் மற்ற வகைப் பழுதுபார்ப்பைக் குறைத்து முடிச்சுகளைக் காப்பாற்றிக்கொள்ளும். அதனால் வெட்டு வரைபடமும் குறுக்கேற்ற வரைபடமும் ஒரேமாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

கையால் அளப்பது

ஒரு பைக்குள் நான்கு ஸ்போரும் சேர்ந்தே கிடைப்பதுதான் ஈஸ்ட்டின் பெரிய வசதி. மனிதரில் ஒரு பகுப்பின் விளைவுகளில் ஒன்றைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். இங்கே நான்கையும் பார்க்கலாம்.

இரண்டு இடங்களில் வேறுபடும் பெற்றோரைக் கலந்து, கிடைத்த செல்லை 1% பொட்டாசியம் அசிட்டேட்டில் பட்டினி போடுவார்கள். எஸ்கே1 என்ற ரகம் ஒரு நாளில் ஸ்போர் விடும். வழக்கமான ஆய்வக ரகங்கள் மூன்று முதல் ஐந்து நாள் எடுக்கும். பிறகு சைமோலேஸ் நொதியில் சில நிமிடம் ஊறவைத்துப் பையின் சுவரை இளக்குவார்கள். நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய கண்ணாடி ஊசியால் நான்கு ஸ்போரையும் பிரித்து அகார் தட்டில் வரிசையாக வைப்பார்கள். 30 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் கூட்டங்கள் முளைக்கும். அவற்றை வெல்வெட் துணியில் ஒற்றி, ஒரு சத்து விடுபட்ட தட்டுகளுக்கு மாற்றினால் எது வளர்கிறது, எது வளரவில்லை என்பதே மரபணு விடை.

ஒரு பையின் நான்கு ஸ்போரும் சேர்ந்தது ஒரு நால்கூட்டு. அது மூன்று வகையில் வரும். நான்கும் பெற்றோரின் சேர்க்கையே என்றால் பெற்றோர் வகை. நான்கும் புதுச் சேர்க்கை என்றால் பெற்றோரல்லா வகை. நான்கும் நான்கு விதம் என்றால் கலவை வகை. 100 நால்கூட்டில் இவை முறையே 70, 2, 28 என்று வைத்துக்கொள்வோம். புதுச் சேர்க்கை ஸ்போர்களை மட்டும் எண்ணினால் 16 சென்டிமார்கன் வரும். ஆனால் பெற்றோரல்லா வகை இரட்டைக் குறுக்கேற்றத்தால் வருவது. இரட்டையில் நான்கில் ஒரு பங்குதான் அப்படி வெளியே தெரியும். அதனால் பெர்கின்ஸ் 1949-ல் தந்த சூத்திரத்தில் அதை ஆறால் பெருக்கி, கலவை வகையோடு கூட்டி, பாதியாக்குகிறோம்: (28 + 12) ÷ 2 = 20. இடைவெளி 35, 40 சென்டிமார்கனைத் தாண்டினால் இந்தச் சூத்திரமும் குறைத்தே காட்டும்.

கெடுவது பெரும்பாலும் பிரிக்கும்போதுதான். நொதியில் அதிகம் ஊறினால் பைகள் உடைந்து, வெவ்வேறு பைகளின் ஸ்போர்கள் ஒட்டிக்கொண்டு பொய் நால்கூட்டாகத் தெரியும். ஒரு மரபணு இரண்டுக்கு இரண்டு என்று பிரியாமல் மூன்றுக்கு ஒன்று என்று வந்ததும் ‘மாற்றெழுத்து கிடைத்தது’ என்று மகிழ்ந்துவிடக்கூடாது. அதே கூட்டில் மற்ற மரபணுக்களும் பால்வகையும் இரண்டுக்கு இரண்டாக இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒன்று மட்டும் பிசகினால் மாற்றெழுத்தாக இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து பிசகினால் ஊசியில்தான் பிழை.

எத்தனை நால்கூட்டு பிரிக்கவேண்டும் என்பதும் இடத்தைப் பொறுத்தது. 5,000 கார இணை தள்ளியுள்ள இரண்டு மரபணுக்களுக்குச் சராசரிப்படி 1.85 சென்டிமார்கன்; 50 நால்கூட்டில் இரண்டு கலவை வகை எதிர்பார்க்கலாம். நடுவில் சூடான வாசல் இருந்தால் இருபதிலேயே கிடைக்கும். சென்ட்ரோமியரை ஒட்டிய இடமென்றால் சில நூறு பிரித்தும் ஒன்றுகூட வராமல் போகலாம். அப்போது அடையாளத்துக்காக வைக்கும் டி.என்.ஏ. துண்டை, அதாவது குறியை, இன்னும் தள்ளி வேறிடத்தில் தேர்ந்தெடுப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும். அந்தக் குறியைப் புரோமோட்டருக்குள் செருகாதீர்கள். செருகிய துண்டு பழைய சூட்டை அணைக்கலாம், அல்லது தானே புதுச் சூடான இடமாகிப் பக்கத்து வாசலின் வெட்டுகளைப் பறித்துக்கொள்ளலாம். மரபணுவின் முடிவுக்குப் பின்னால் வைப்பது பாதுகாப்பு.